ஒன்பது போல்ட்டுக் கத்தலினா

நிவார்தோவுக்கு இரண்டு கத்தலினா என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். ஒன்று அவன் பெண்டாட்டி, இன்னொன்று பல்சக்கரம். கியூபாவில், எங்கள் கிழக்குப் பக்கத்தில், சைக்கிள் சங்கிலி மாட்டுகிற பெரிய பல்சக்கரத்துக்குக் கத்தலினா என்றுதான் பெயர். எந்தப் புண்ணியவான் எந்தக் கத்தலினாவின் மேல் இருந்த கோபத்தில் வைத்தானோ தெரியாது. ஆனால் சைக்கிள் பழுது பார்க்கிறவனைக் கட்டிக்கொண்ட ஒரு கத்தலினாவுக்கு அது பெரிய தலைவலி. கல்யாணமான முதல் வாரமே எவனோ ஒருத்தன் வாசலில் நின்று, "மேஸ்திரி, கத்தலினா ரொம்ப ஆடுறா, கொஞ்சம் பிடிச்சு முறுக்குங்க" என்று கத்தினான். அடுப்படியில் இருந்தவள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். வந்தவன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான்.

அன்றைக்கே நிவார்தோ முடிவு கட்டினான். வீட்டில் இருப்பவள் இனிமேல் லினா. கத்தலினா என்றால் பட்டறையில் இருப்பது மட்டும். ஊரும் அப்படியே பிடித்துக்கொண்டது. முப்பத்து நாலு வருஷத்தில் அவளுடைய முழுப்பெயரே மறந்துபோய்விட்டது. அவளைக் கத்தலினா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஆள்தான் பாக்கி. அது காமகுவேயில் இருந்த அவள் அக்கா செனைதா.

நிவார்தோ பிறந்தது, வேலை பார்த்தது, வேலை போனது எல்லாம் இதே ஊரில். பகலில் சர்க்கரை ஆலைப் பட்டறையில் லேத் ஓட்டினான், சாயங்காலம் வீட்டில் சைக்கிள் பழுது பார்த்தான். ஆலையை மூடியபோது லேத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனை ஏற்றிக்கொள்ள யாரும் வரவில்லை. பிறகு சைக்கிள், பம்பு, ஃபேன் என்று கைக்கு வந்ததையெல்லாம் பழுது பார்த்துப் பிழைத்தான். பிள்ளைகள் இல்லை. பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். ஒரு நட்டை இன்னொருத்தன் முறுக்கினால் அவனுக்குப் பொறுக்காது. அவிழ்த்து, தன் கையால் மறுபடி முறுக்கினால்தான் நிம்மதி. லினா இதற்காகவே அவனைத் திட்டுவாள். "உலகத்துல கைன்னு இருக்கிறது உன் ரெண்டு கைதான். மத்தவன் எல்லாம் சும்மா தொங்கவிட்டுக்கிட்டு அலையறான், இல்ல?" என்பாள்.  அப்படித்தான் என்பது அவன் முகத்திலேயே தெரியும்.

அவனுடைய வண்டியும் அவன் கட்டியதுதான். கனமான பழைய சீனத்துச் சைக்கிள், வயலுக்குத் தண்ணீர் இறைத்த ஒரு சின்ன மோட்டார், பெட்ரோலுக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில். இந்த மாதிரி வண்டிக்கு எங்களிடம் ரிக்கிம்பிலி என்று பெயர். அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டால் பெயர்க் காரணம் கேட்க மாட்டீர்கள். வலது பக்கம் மிதிக்கிற சங்கிலி, இடது பக்கம் மோட்டார் சங்கிலி. மோட்டார் சங்கிலி இழுக்கப் பின்சக்கரத்தில் இன்னொரு கத்தலினா வேண்டும். சைக்கிள் செய்தவன் அதற்கு இடம் விடவில்லை. அதனால் லாரி டயரில் இரண்டு ரப்பர் வளையம் வெட்டி, சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்து, மேலே கத்தலினாவைப் பொருத்தி, ஒன்பது போல்ட்டால் கம்பிகளோடு சேர்த்து நெரித்துப் பிடிக்க வேண்டும். மோட்டாரின் முழு இழுப்பையும் தாங்குவது அந்த ஒன்பது போல்ட்டும் இந்தக் குச்சிக் கம்பிகளும்தான். ரப்பர் நசுங்க நசுங்க போல்ட்டு தளரும். தளர்ந்தால் கத்தலினா ஆடும். ஆடினால் சங்கிலி நழுவிக் கம்பிக்குள் விழும். விழுந்தால் சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், ஓட்டுகிறவன் மட்டும் நிற்காமல் போவான். எங்கள் பக்கத்தில் முன்பல் இல்லாத ஆண்களில் பாதிப் பேர் இப்படிப் பல்லைக் கொடுத்தவர்கள்.

லினாவுக்குச் சர்க்கரை வியாதி. "ரேஷன் கடைக்கே சர்க்கரை வரல, எனக்கு மட்டும் எங்க இருந்துதான் வருதோ" என்று அவளே கேலி பேசுவாள். ஆணி குத்திய குதிகால் ஆறாமல் கறுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குள் காய்ச்சல் உடம்பு முழுக்க ஏறியிருந்தது. அவளுக்கு வேண்டிய ஊசி மருந்து அங்கே இல்லை. ஊரிலும் இல்லை, நாட்டிலும் கிட்டத்தட்ட இல்லை. டாக்டர் சின்னப் பெண். மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி நீட்டினாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கயாவது தேடிக் கொண்டு வாங்கய்யா. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள கிடைச்சா, கால் போனாலும் ஆள் பிழைக்கும்."

"இல்லன்னா?"

"தேடுங்கய்யா," என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளக் காமகுவேயிலிருந்து செனைதா வந்து சேர்ந்தாள். நிவார்தோ நாலு நாள் ரிக்கிம்பிலியில் அலைந்தான். புதன்கிழமை ஒரு வீட்டில் பத்துக் குப்பி கிடைத்தது. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. வருஷக் கடைசி விருந்துக்கென்று லினா வளர்த்த பன்றியை அவிழ்த்துக் கொடுத்து வாங்கினான். பன்றி போனது அவளுக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான். திட்டுவதற்கு அவள் இருப்பாள் அல்லவா.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போகப் பாட்டிலில் பெட்ரோல் போதாது, மிச்சம் வீட்டில்தான் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீடு திரும்பும் வழியில், லாஸ் பலோமாஸ் கிராமத்தில் ரொட்டி விற்கிற அமௌரி கையை விரித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றான். அவன் வண்டியிலும் கத்தலினா ஆடியது. அவனுடைய அம்மா பிலார் வாரம் ஒரு தடவை ஃபோன் போட்டுப் புலம்புகிற அதே கத்தலினாதான். நிவார்தோ இறங்கி, எதையும் கழற்றாமல் ஒன்பது போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, "இது மேலுக்குத்தான். மறுபடி தளரும். தளர்ந்தா ஓட்டாத, அப்படியே போட்டு வை, நான் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். தன் வண்டியைக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. நாலு நாள் குண்டும் குழியுமான ரோட்டில் ஓடிய வண்டி. ஊரான் நட்டையெல்லாம் சந்தேகப்படுகிறவன், தான் முறுக்கியதைச் சந்தேகப்படவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் குப்பிகளைத் துணியில் சுற்றி, ஒரு டப்பாவில் வைத்து, மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். பதினோராவது கிலோமீட்டரில், கரும்புக் காட்டு முனையில், அது நடந்தது. காலுக்குக் கீழே ஒரு முறிகிற சத்தம், அடுத்த நொடி அவன் ரோட்டில் கிடந்தான். விழும்போது மார்பு அடிபடாமல் தோளைக் கொடுத்து விழுந்திருக்கிறான். எழுந்ததும் முதலில் டப்பாவைத் திறந்து பார்த்தான். பத்தும் முழுசாக இருந்தன. அப்புறம்தான் வண்டியைப் பார்த்தான். மூன்று போல்ட்டு எங்கேயோ உதிர்ந்து போயிருந்தது. நாலு கம்பி அறுந்திருந்தது. கத்தலினா ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

மாட்டு வண்டியில் வந்த ஒருத்தன் நிறுத்தினான். விஷயத்தைக் கேட்டதும், "வண்டி கெடக்கட்டும் அண்ணே, என் கொட்டாயில போட்டுட்டுப் போங்க. மருந்த எடுத்துக்கிட்டு பெரிய ரோட்டுல கை காட்டி நில்லுங்க. ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னா எவனும் ஏத்திக்குவான்" என்றான்.

"எப்ப வரும் வண்டி?"

"அதச் சொல்ல முடியுமா? ஒண்ணு அரை மணியில வரும், இல்ல சாயந்திரம் வரும்."

நிவார்தோ ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரு புழுதிகூட எழவில்லை. நாடு முழுக்கப் பெட்ரோல் இல்லாத வருஷம். எவனோ ஒருத்தன் வருவான் என்று நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? வீட்டுக்குப் போனால் நட்டு முறுக்கும் சாவி இருக்கிறது, கம்பி இருக்கிறது, தன் கை இருக்கிறது. இரண்டு மணி நேர வேலை. மத்தியானத்துக்குள் போய்விடலாம். கணக்கில் தப்பு இல்லை. வண்டியைத் திருப்பித் தள்ளத் தொடங்கினான். அரை மணி கழித்து, கிளை ரோட்டிலிருந்து ஏறி, ஒரு பால் டாங்கர் நகரத்துக்குக் காலியாகப் போனது. அதை மாட்டு வண்டிக்காரன் பிற்பாடு எங்களிடம் சொன்னான். நிவார்தோவிடம் சொல்லாதே என்று அவன் வாயை அடைத்தோம்.

வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வண்டியைத் தலைகீழாக நிறுத்தினான். அவனுக்கு இந்த வேலையில் அவசரம் கிடையாது. உயிர் போகிற அவசரத்திலும் கை அதன் வேகத்தில்தான் போகும். பின்சக்கரத்தைக் கழற்றினான். ஒரு பழைய சக்கரத்திலிருந்து நாலு கம்பி உருவிப் போட்டு, ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்டுத் திருகினான். நசுங்கிய ரப்பரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசாக வெட்டினான். மூன்று போல்ட்டு தேவைப்பட்டது. டப்பா டப்பாவாகக் கொட்டித் தேடியும் அந்த அளவில் கிடைக்கவில்லை. கடைசியில் உள்ளே போய், அவனும் லினாவும் படுக்கிற இரும்புக் கட்டிலில் இருந்து மூன்றைக் கழற்றிக்கொண்டு வந்தான். கட்டில் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டது.

போல்ட்டை வரிசையாக முறுக்கக் கூடாது. வரிசையாக முறுக்குகிறவன் கத்தலினாவைக் கோணலாக்குவான். ஒன்றை அரைச் சுற்று, பிறகு அதற்கு எதிர்ப் பக்கம் இருப்பதை அரைச் சுற்று, அப்படியே மாறி மாறிப் போக வேண்டும். ரப்பர் லேசாகப் பிதுங்கும்போது நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு இழை போனால் கம்பி அறும். நிறுத்தியபின் ஒவ்வொரு மரையிலும் ஒரு சொட்டு நகப்பூச்சு விடுவான். காய்ந்ததும் நட்டு திரும்பாது. லினாவின் நகப்பூச்சு பாதி இப்படித்தான் தீரும். அவள் கேட்டால், "கத்தலினாவுக்குத்தான் போட்டேன்" என்பான். அதில் அவள் ஒன்றும் சொல்ல முடியாது.

முதல் சுற்றில் நாலு போல்ட்டு முறுக்கி முடித்திருந்தான். அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஓரெஸ்தெஸின் வீட்டு ஃபோன் அடித்தது.

ஓரெஸ்தெஸுக்கு எழுபத்து மூன்று வயது. ரயில்வேயில் கைகாட்டி போட்டவர். இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை, கைபேசிக் கோபுரம் செத்துப் போயிருந்தது. தெருவில் உயிரோடு இருந்தது அவர் வீட்டுப் பழைய ஃபோன் ஒன்றுதான். அதில் அவருக்குப் பெருமை தாங்காது. காது பாதிதான் கேட்கும் என்றாலும் மற்ற யாரையும் எடுக்க விடமாட்டார். யார் என்ன சொன்னாலும் ஒரு சொல் மாறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்பார். அதில் பொய் இல்லை.

"டேய் நிவார்தோ!" வேலிக்கு மேலே தலை தெரிந்தது. "உனக்குத்தாண்டா ஃபோன். லைன் ஒரே கரகரப்பு. கத்தலினா ரொம்பத் தளர்ந்துட்டாளாம். உடனே வரணுமாம்!"

நிவார்தோவின் வாயில் ஒரு நட்டு இருந்தது. அதைத் துப்பிவிட்டு, "யாருண்ணே?" என்றான்.

"பேர் விளங்கல. பொம்பளக் குரல். அழுவுற மாதிரி இருக்கு."

பிலார்தான் என்று நினைத்தான். அவள் எதற்குத்தான் அழ மாட்டாள், ரொட்டி கருகினாலே அழுகிறவள். நேற்று மேலுக்கு இறுக்கியது, இன்றைக்குத் தளர்ந்துவிட்டது. இதில் ஆச்சரியம் என்ன? எரிச்சல்தான் வந்தது. இங்கே ஒருத்தி உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறாள், இவளுக்கு ரொட்டி வண்டி பெரிதாகப் போய்விட்டது.

"அப்படியே போட்டு வைக்கச் சொல்லுங்கண்ணே! யாரும் தொட வேண்டாம். நாளைக்கு வந்து பாக்குறேன். இன்னைக்கு எனக்கு வேற வேலை இருக்கு!"

"அப்படியே சொல்லிரவா?"

"அப்படியே சொல்லுங்க!"

கிழவர் உள்ளே போனார். ஒரு சொல்லும் குறையாமல், ஒரு சொல்லும் கூட்டாமல் அவர் ஃபோனில் கத்தியது நிவார்தோவின் காதில் விழுந்தது. தெருவுக்கே விழுந்தது. பிறகு, "கட்டாயிருச்சுடா" என்று சொல்லிவிட்டுத் தன் டோமினோக் கட்டைகளிடம் போய்விட்டார். நிவார்தோ ஐந்தாவது போல்ட்டில் சாவியை வைத்தான்.

இரண்டு மணி நேரம் என்று போட்ட கணக்கு மூன்றரையாகி, ஒரு மணிக்கு வண்டி தயார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கத்தலினாவின் பல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி முனையைப் பிடித்துப் பார்த்தான். ஒரு பல்லும் முனையில் உரசவில்லை, ஒரு பல்லும் விலகவில்லை. கடையில் வாங்கிய வண்டியில்கூட இவ்வளவு நேராக நிற்காது. டப்பாவை மார்பில் கட்டிக்கொண்டு, எதுவும் சாப்பிடாமல், கிளம்பினான்.

வண்டி பறந்தது என்றே சொல்லலாம். காலையில் விழுந்த இடத்தைத் தாண்டினான். லாஸ் பலோமாஸ் வந்தபோது பிலார் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நன்றாக இருக்காதே என்று மோட்டாரை அணைக்காமல் ஒரு காலை ஊன்றினான்.

"மேஸ்திரி, லினாவுக்கு எப்படி இருக்கு? சாமிக்கு மெழுகுவத்தி ஏத்தி வெச்சிருக்கேன்."

"மருந்து கொண்டு போறேன். கோவிச்சுக்காதீங்க, காலையில கொஞ்சம் வெடுக்குன்னு சொல்லிட்டேன். நாளைக்குத் திரும்பறப்போ நின்னு, கழட்டி, ஒழுங்காப் பண்ணிக் குடுத்துர்றேன்."

"என்னத்த?"

"கத்தலினாவத்தான். தளர்ந்துட்டான்னு ஃபோன் போட்டீங்களே."

"நானா? எங்க ஃபோனு செத்து நாலு நாள் ஆச்சு. அமௌரி விடியக்காலையில இருந்து அந்த வண்டியிலதான் ரொட்டி விக்கிறான். கத்தலினா கல்லு மாதிரி நிக்கிறா. உங்க கை பட்டா சும்மாவா?"

நிவார்தோ அவளையே பார்த்தான். "அப்ப யாரு போட்டது?" என்றான். அவளைக் கேட்கவில்லை. பொம்பளைக் குரல். அழுகிற மாதிரி. கத்தலினா ரொம்பத் தளர்ந்துட்டா, உடனே வரணும். ஊரில் யார் ஃபோன் போட்டாலும் லினா என்றுதானே சொல்வார்கள். கத்தலினா என்று சொல்ல இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

பிலார் அவன் முகம் போன போக்கைப் பார்த்து, "தண்ணி கொண்டாரட்டுமா மேஸ்திரி?" என்றாள். அவள் திரும்பி வருவதற்குள் அவன் போய்விட்டான்.

மீதி இருபத்தைந்து கிலோமீட்டரை அவன் எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் ஒரு தடவை குடித்துவிட்டுச் சொன்னதுதான். வழி முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தானாம். "இன்னைக்கு எனக்கு வேற வேலை இருக்கு." அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தெரிந்ததாம். மருந்தைப் பற்றிக்கூட நினைப்பில்லை. செனைதா அதை லினாவிடம் சொல்லியிருக்கக் கூடாது, அவள் காதில் அது விழுந்திருக்கக் கூடாது, விழுந்திருந்தால் தான் போய்ச் சொல்லும் வரைக்கும் அவள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டான். கடவுளை நம்பாதவன் யாரிடம் கேட்டானோ. வண்டி மட்டும் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது. வழியில் நின்றுபோயிருந்தால் திட்டுவதற்கு அதுவாவது கிடைத்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆறு கட்டில் போட்ட அறையில் ஜன்னலோரக் கட்டில் லினாவுடையது. வீட்டிலிருந்து கொண்டுபோன பூப்போட்ட விரிப்பைத் தலை வரைக்கும் இழுத்து மூடியிருந்தார்கள். பக்கத்தில் செனைதா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவனைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"நாளைக்குத்தானே வர்றேன்னு சொன்ன?" என்றாள்.

அவன் மார்பில் கட்டியிருந்த டப்பாவை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு வியர்வையில் இறுகியிருந்தது. "எப்பக்கா?"

"ஒண்ணேகாலுக்கு."

ஒன்றேகாலுக்கு அவன் ஊர் எல்லையைத் தாண்டியிருப்பான். அவ்வளவுதான் அவனால் யோசிக்க முடிந்தது.

"ஃபோன்ல..." என்றான்.

"நான் பேசினது அந்தப் பக்கம் பாதிதான் கேட்டுது போல. ஆனா அங்க இருந்து சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கீழ ஆபீஸ்ல இருந்தவங்களுக்கும் கேட்டுச்சு." செனைதாவின் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் மோசம். "மேல வந்தேன். முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. அவரு என்ன சொன்னாருன்னு கேட்டா. வர்றாருன்னு சொன்னேன். சின்ன வயசுல இருந்து என் மூஞ்சியப் பாத்து வளர்ந்தவ. உள்ளதச் சொல்லுக்கான்னு சொன்னா. மூணு தடவ கேட்டா. சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"சரின்னா. வேற ஒண்ணும் பேசல."

நிவார்தோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அது இவ இல்லக்கா. நான் சொன்னது வண்டியோட கத்தலினாவ. லாஸ் பலோமாஸ்ல ஒரு ரொட்டிக்கார வண்டி, நேத்து மேலுக்கு இறுக்கினேன், தளரும்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க கத்தலினான்னு சொன்னதும் அதுதான்னு நெனச்சிட்டேன். ஊர்ல இவள யாரும் அப்படிக் கூப்பிடறதில்லையே. அவகிட்ட என்னன்னு சொன்னீங்க? கத்தலினான்னு சொல்லித்தான் ஃபோன் பண்ணேன்னு சொன்னீங்களா? அதச் சொல்லியிருந்தா அவ புரிஞ்சிக்கிட்டிருப்பா. உடனே புரிஞ்சிக்கிட்டிருப்பா, சிரிச்சிருப்பா."

"நான் ஃபோன்ல என்ன பேர் சொன்னேன்னு அவகிட்ட எதுக்குச் சொல்லப் போறேன்? நீ சொன்னதத்தான் சொன்னேன்."

அறையில் ஐந்து நோயாளிகளும் அவர்களுடைய ஆட்களும் இருந்தார்கள்.  எதிர்க் கட்டிலில் இருந்த பெண்ணின் புருஷன் அந்த மருந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கவும் முடியாமல், பார்வையை எடுக்கவும் முடியாமல்.

"நம்புங்கக்கா," என்றான் நிவார்தோ.

செனைதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கிரீஸ் அப்பிய கை, தோளில் காய்ந்த ரத்தம், மார்பில் அவிழாத முடிச்சு. "நம்புறேன்," என்றாள். "எனக்கு இப்பத் தெரியுது. அவளுக்குத் தெரியாதே."

 அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, விரிப்பை முகத்திலிருந்து விலக்கினான். தடுக்க வந்த நர்ஸை செனைதா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"லினா," என்றான், பட்டறையில் பேசுகிற சாதாரணக் குரலில். "அது நீ இல்லடி. பிலார் மகன் வண்டி. பின்சக்கரத்துக் கத்தலினா. ஒன்பது போல்ட்டு இருக்குல்ல, அதுல ரப்பர் நசுங்கிப் போச்சு. ரப்பர் மாத்தாம மேலுக்கு இறுக்கினா நிக்காது, உனக்குத் தெரியுமே. ஓரெஸ்தெஸ் அண்ணன் வந்து கத்தலினா தளர்ந்துட்டான்னு சொன்னாரு. நான் அந்த வண்டியத்தான் போட்டு வைக்கச் சொன்னேன். தொட வேணாம்னு சொன்னது அத ஓட்டிரக் கூடாதுன்னு. வேற வேலை இருக்குன்னு சொன்னது இங்க வர்றதுக்குத்தான்டி." மூச்சு வாங்கினான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். "புரிஞ்சுதா லினா?" என்று கேட்டான். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.